பாயா போட்ட வீட்டுப் பிள்ளைகள்

1

“...எண்ணிக்கைக்குத்தானே என்னை அங்க சேர்த்த? படிக்கட்டும்னா சேர்த்த? ஒரு தலை குறையுதுன்னு என் தலையைக் கொண்டுபோய் வெச்ச. அதனால என்கிட்ட வந்து துரோகம் கிரோகம்னு பேசாதம்மா. பிடு.”

‘பிடு’ என்றால் கன்னடத்தில் விடு. சொன்னவள் என் மகள் காவ்யா, வயது இருபத்து மூன்று. சொன்ன இடம் மைசூரில் எங்கள் சந்து. பள்ளிக்கூடம் திறக்கிற நாள், காலை எட்டு மணி. அவள் ஒரு கையால் மஞ்சள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை. எதிரில் நான், சமையல் தொப்பியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பக்கத்து வீட்டுச் செல்வியின் மகள் தனுஜா நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயது, இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு.

அந்தப் பிள்ளைக்காகத்தான் பேச்சு. அவள் என் பள்ளிக்கு வந்தால் அங்கே பிள்ளைகள் பதினைந்து. காவ்யாவின் வேனில் ஏறினால் பதினான்கு. பதினான்கு என்றால் பள்ளி இல்லை.

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாம் “உம் பொண்ணு மைசூர்ல டீச்சராமே” என்று கேட்கிறீர்கள். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இத்தனை நாள் சிரித்து மழுப்பினேன். இப்போது எழுதியே விடுகிறேன். அவள் டீச்சர் இல்லை. தனியார் இங்கிலீஷ் பள்ளி ஒன்றில் அட்மிஷன் மேசையில் உட்காருகிறவள். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பிள்ளை சேர்த்துவருவது அவள் வேலை. நான் அரசாங்கக் கன்னடத் தொடக்கப்பள்ளியில் மதியச் சாப்பாடு ஆக்குகிறவள். ஒரே அடுப்படியில் காலையில் காபி குடித்துவிட்டு ஆளுக்கொரு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறோம். என் வீட்டுக்காரர் கம்பி கட்டுகிறவர். “நீங்க ரெண்டு பேரும் ஸ்கூல் ஸ்கூல்னு அடிச்சுக்குங்க, எனக்கு டிபன் பாக்ஸைக் கட்டிக் குடுத்துட்டு அடிச்சுக்குங்க” என்பார்.

2

மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, நான் இந்த ஊரில் வந்து இறங்கி இந்த ஜூனோடு இருபத்தைந்து வருஷம். கல்யாணமாகி நாற்பதாவது நாள். நான் பள்ளியில் படித்தது ஐந்தாவது வரைக்கும். மிச்சத்தைச் சாமான் கட்டிவந்த காகிதத்தில் படித்தேன். கன்னட எழுத்தைப் பஸ் போர்டில் படித்தேன். பேச்சு மட்டும் செங்கல் சுமக்கிற பெண்களிடம் கற்றுக்கொண்டது. அதனால் ஒரு கேடு. அந்தப் பெண்கள் யாரையும் ‘நீங்க’ என்று சொல்ல மாட்டார்கள். எனக்கும் அது வரவில்லை.

நான் படித்த பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பல பேர் என்கூடவே படித்தவர்கள்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வாத்தியார் பெயர் கூப்பிடும்போதே எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். யார் எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் அந்தப் பெயரோடு வந்துவிடும். ஆயா சோறு போடும்போது எங்கள் மூலைக்கு வந்தால் கரண்டி தட்டில் படாமல் உயரத்திலிருந்து போடுவார். நன்றாகக் குறி பார்ப்பார், ஒரு பருக்கை கீழே விழாது. அப்போது அதை ஒரு திறமை என்றுதான் நான் நினைத்தேன்.

இங்கே என் கையால் ஆக்கிய சோற்றை எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லத் தெருப் பெயர் ஒரே மாதிரிதான், எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஒரு பிள்ளை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு “ஆன்ட்டி, இன்னொரு கரண்டி” என்று கேட்ட முதல் நாள் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்தப் பள்ளிக்கு நான் கட்டுப்பட்டது அன்றைக்கு. சம்பளத்துக்கு இல்லை. அது எவ்வளவு என்று தெரிந்தால் நீங்களே சொல்வீர்கள்.

3

இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு கொய்யா மரம், ஒரு மேடம். நான் சேர்ந்தபோது பிள்ளைகள் அறுபதுக்கு மேல். முக்கால்வாசி அந்த வட்டாரத்துக் கன்னட வீட்டுப் பிள்ளைகள். பிறகு சந்துக்குள் வேன்கள் வர ஆரம்பித்தன. முதலில் பால் ஊற்றுகிறவர் வீட்டுப் பேரன் போனான். அப்புறம் தேவராஜ மொஹல்லாவில் கடை வைத்திருந்தவரின் இரண்டு பெண்கள். கடைசியில் பள்ளிக் கமிட்டியின் தலைவரே தன் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து கன்னடப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார். நான் டீ கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள். இன்றைக்குப் பதிவேட்டைப் பார்த்தால், வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைகள் ராய்ச்சூர்ப் பக்கத்து இரண்டு பேர்தான். அவர்கள் பேசுகிற கன்னடத்தை மேடமே ஒரு தடவை திருப்பிக் கேட்பார். அவர்கள் ஊரில் தினமும் சோள ரொட்டி. “சோறு ஜுரம் வந்தா சாப்பிடறதுதானே, இங்க ஏன் எல்லாருக்கும் தினமும் ஜுரம்” என்று பெரியவன் முதல் வாரம் கேட்டான். மற்றவர்கள் நம் பக்கத்துப் பிள்ளைகள், ஆந்திரப் பிள்ளைகள், நேபாள வாட்ச்மேன் வீட்டு அண்ணனும் தங்கையும்.

“எங்க கன்னட ஸ்கூலை உங்க தமிழ்ப் பிள்ளைங்கதான் தோள் குடுத்துத் தூக்கி நிறுத்தியிருக்காங்க” என்று சுமா மேடம் சொல்வார், கன்னடத்தில்தான். பன்னிரண்டு வருஷமாக ஐந்து வகுப்பையும் இரண்டு அறையில் வைத்து நடத்துகிறவர். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் ஒரு ஆபீசர் வந்தார். பதினைந்துக்குக் கீழே போனால் அடுத்த பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவோம் என்றார். அடுத்த பள்ளி ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிகள் நிற்காமல் போகிற ரோடு. நான் சாம்பார் வாளியை வைத்துவிட்டு, “நீ அந்த ரோட்டைத் தாண்டிப் பார்த்திருக்கியா? ஒன்னாங்கிளாஸ் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தாண்டிக் காட்டு பார்க்கலாம்” என்று கேட்டேன். செங்கல் சுமந்து கற்ற என் கன்னடத்தில் அது இன்னும் மோசமாக இருந்திருக்கும். மேடம் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஆபீசர் என்னைப் பார்க்காமலே எழுதிக்கொண்டார். ஜூன் கடைசியில் கம்ப்யூட்டரில் ஏறுகிற எண்ணிக்கைதான் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

இனி என் நோட்டைப் பற்றி. தலை எண்ணித்தான் அரிசி போட வேண்டும். பதிவேட்டில் இருக்கிற தலை வேறு, தட்டேந்தி வருகிற தலை வேறு. அதனால் நானே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். பிள்ளையின் பெயர், ஊர், வீட்டில் என்ன பேச்சு, முட்டையா வாழைப்பழமா, ஆடிக்கு ஊருக்குப் போகிற வீடா, உகாதிக்குப் போகிற வீடா. இதெல்லாம் எந்தச் சமையல்காரிக்கும் மனப்பாடமாக இருக்கும். நான் கூடுதலாக ஒன்று எழுதினேன்.

கட்டட வேலைக்காரர்கள் கட்டுகிற இடத்திலேயே தகர ஷெட்டில் இருப்பார்கள். கட்டடம் முடிந்தால் ஷெட்டைப் பிரிப்பார்கள். ஷெட்டைப் பிரித்தால் பிள்ளை போய்விடும். நேற்று முட்டை கேட்டு அழுத பிள்ளை, இன்றைக்கு வராது, எந்த ஊருக்குப் போனது என்றும் தெரியாது. முதல் சில வருஷம் அது எனக்குத் தாங்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அந்த வீட்டின் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு எழுத்துப் போட்டேன். அஸ்திவாரத்தை இங்கே பாயா என்பார்கள். ‘பா’ என்றால் பிள்ளை இரண்டு வருஷம் இருக்கும். ‘மோ’ என்றால் மோல்டு, கூரை கான்கிரீட் ஆகிறது, ஒரு வருஷம். ‘பூ’ என்றால் பூச்சு வேலை, ஆறு மாதம். ‘பெ’ என்றால் பெயின்ட் டப்பா வந்தாகிவிட்டது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு முட்டையாக வை, மனசு விட்டுப் பேசிக்கொள்.

அந்த எழுத்து என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. ஒரு மனுஷிக்குத்தான் தெரியும், அவளுக்கும் நான்தான் சொன்னேன்.

சிவராத்திரி முடிந்த வாரம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். காவ்யா வேலையிலிருந்து வந்தவள் போனை எடுக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டை எடுத்துப் புரட்டினாள். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

“அம்மா, இதென்ன பெயருக்கு முன்னாடி ‘பா’ன்னு? இனிஷியலா?”

“இனிஷியல் இல்லடி, பாயா” என்றேன்.

“பாயான்னா?”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பெயின்ட் நிலையில் போன பிள்ளைகளின் கதையையும் சொன்னேன். அவள் சிரித்தாள், ஒரு இடத்தில் கண்கூடக் கலங்கினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையைப் பற்றி என் மகள் கேட்கிறாள். கேட்டதற்கு மேலேயே சொன்னேன். எந்த வீட்டு அம்மா முடிவெடுப்பவள், எந்த வீட்டில் அப்பாவிடம் பேச வேண்டும், யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, யார் ஆதாரில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது, எந்த ஆபீசில் போய் நின்றால் அது நேராகும், எல்லாம் சொன்னேன். கீரை பாதி உருவினபடியே கிடந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் ரசம். அவர் கேட்டதற்கு, “என் பொண்ணு என்கூடப் பேசிக்கிட்டு இருந்தா” என்று பெருமையாகச் சொன்னேன்.

5

கோடை லீவில் பிள்ளை சேர்க்கிற வேலை. மேடமும் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போனோம். எல்லோரும் தலையாட்டினார்கள். “நீங்க இருக்கறப்போ எங்களுக்கென்னக்கா கவலை” என்றார்கள். கூட்டிப் பார்த்தால் இருபத்தொன்று வந்தது. மேடம் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்தார்.

பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது மேடம் போன் பண்ணினார். ஆறு பேர் சேர்க்கைக்குக் கொடுத்த பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். யார் யார் என்று கேட்டேன். பெயர்களைச் சொன்னார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தொட்டேன். பா. பா. பா. ஆறும் பா.

பூச்சு வேலை வீட்டுப் பிள்ளை ஒன்றுகூடப் போகவில்லை. பெயின்ட் வீட்டுப் பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். யாரோ அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி, இரண்டு வருஷம் நிற்கிறவர்களை எடுத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் போகிறவர்களை எனக்கு விட்டு வைத்திருக்கிறார்கள். ஊரில் வேறு எவருக்கும் அப்படிப் பொறுக்கத் தெரியாது.

தெரிந்த பிறகும் நம்பவில்லை. மறுநாள் பெருமாளின் ஷெட்டுக்குப் போனேன். மேஸ்திரி, கிருஷ்ணகிரிக்காரர், அவர் மகன் போன வருஷம் முழுக்க என் கையால் சாப்பிட்டவன். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்.

“வாக்கா. உன்னாலதான் பையன் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறான்.”

“என்னாலயா?”

“உம் பொண்ணு வந்துச்சில்ல. ஆதார்ல எம் பேரு தப்பா இருக்கறதுகூடத் தெரிஞ்சு வெச்சிருந்துச்சி, அதுவே போய் நேராக்கிக் குடுத்துச்சி. முதல் வருஷம் வேனுக்கும் ஒன்னும் கேக்கல. நீதான் அனுப்பி வெச்சிருக்கேன்னு நாங்க நினைச்சோம். இல்லேன்னா யாரோ வந்து கூப்பிட்டா அனுப்பிடுவோமா?”

“நான் அனுப்பலப்பா.”

பெருமாள் என் முகத்தைப் பார்த்தார். “அப்படீன்னா இப்ப நான் என்னக்கா செய்யட்டும்? பையன் டை கட்டிப் பார்த்துட்டான்” என்றார். நான் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் காவ்யாவைக் கேட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் யாரையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகல. அவங்கவங்க இஷ்டம்மா.”

“நோட்டு?”

“நோட்டுல என்ன ரகசியம் இருக்கு? எந்தக் கட்டடம் எப்ப முடியும்னு ரோட்ல போறவங்களுக்கே தெரியும்.”

“என் பேரைச் சொன்னியா?”

“சொல்லல. கேட்டாங்க, நீ அந்தச் சமையல்காரம்மா மகளான்னு. அதுக்கு இல்லன்னு சொல்லணுமா?” தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

6

காவ்யா சொன்ன அந்த எண்ணிக்கை விஷயம் உண்மைதான். அதையும் எழுதாவிட்டால் நான் உங்களிடம் பாதிதான் சொன்னவளாவேன்.

அவளுக்கு ஆறு வயது ஆன வருஷம். எங்கள் கஷ்டத்திலும் அவளை ஒரு இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க ஏற்பாடாகியிருந்தது. சீருடை தைத்தாகிவிட்டது, நீலக் கட்டம் போட்ட பாவாடை. அதைப் போட்டுக்கொண்டு சந்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து காட்டினாள். அப்போதெல்லாம் பள்ளி மூடுகிற பேச்சு இல்லை. ஆனால் பிள்ளைகள் ஒரு அளவுக்குக் கீழே போனால் இரண்டு சமையல்காரிகளில் ஒருத்தியை நிறுத்துவார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் நான். ஒரு தலை குறைந்தது.

அவளை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரைக்கூடக் கடைசி நாள்தான் கேட்டேன். நீலக் கட்டத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு சீருடை போட்டு, என்கூடவே நடத்திக் கூட்டிப்போனேன். ஐந்து வருஷம் என் கண் முன்னால் சாப்பிட்டு வளர்ந்தாள், சூடாகச் சாப்பிட்டாள், கன்னடம் பூப்போல எழுதினாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுக்கு இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் கல்லூரியில் இங்கிலீஷில் எழுந்து பேசச் சொன்னதற்கு லீவு போட்டு வீட்டில் படுத்திருந்த நாள்களில் வயிற்றுவலி என்றுதான் சொன்னாள். நானும் ஓமத்தண்ணி வைத்துக்கொடுத்தேன்.

அது என் தப்பு. இருக்கட்டும். ஆனால் நான் பட்டப்பகலில், என் பெயரைப் போட்டு, என் பிள்ளையைச் சேர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை உருவுகிறவளிடம் சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டு போய் அவள் அடுப்பை அணைக்கவில்லை. இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

7

இருபத்தொன்றில் ஆறு போனால் பதினைந்து. அந்தப் பதினைந்தாவதுதான் தனுஜா. செல்வி ஹனூர்ப் பக்கத்துக்காரி, ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைக்கிறாள். தனியாக வாடகை வீடு, ஷெட் இல்லை. என் நோட்டில் எழுத்தே போடாத ஒரே பிள்ளை தனுஜா, எங்கேயும் போகமாட்டாள் என்று.

பள்ளி திறக்கிற அன்று மாவிலைத் தோரணம் கட்டி, கேசரி கிண்ட வேண்டும். தனுஜாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஏழே முக்காலுக்கே செல்வி வீட்டு வாசலில் போய் நின்றேன். பிள்ளை வெளியே வந்தாள். காலில் கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ், உடம்பில் காவ்யாவின் பள்ளிச் சீருடை.

செல்வி பின்னாலேயே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“ஏனுங்கக்கா, கோவிச்சுக்காதீங்க. நேத்துதான் காவ்யா வந்து சொல்லுச்சுங்க. உங்க ஊட்டுப் புள்ளையே சொல்றப்ப நானென்னங்க நெனைக்கட்டும்? இவளாச்சும் நாலு எடத்துல பேசட்டுமுங்க. நா எங்க சூப்பர்வைசர்கிட்ட வாயத் தொறக்கறதுக்கே பயந்துக்கிட்டுக் கெடக்கறேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. அப்போதுதான் வேன் வந்தது, விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்த காவ்யா முன் இருக்கையிலிருந்து இறங்கினாள். வேனோடு அவளே வருவாள் என்று நான் நினைக்கவில்லை. நான் பள்ளிக்குப் போகாமல் இங்கே நிற்பேன் என்று அவளும் நினைக்கவில்லை.

“காவ்யா, அந்த ஆறையும் எடுத்துக்கோ. நான் யார்கிட்டயும் போய் ஒரு வார்த்தை சொல்லல. இந்த ஒன்னை விட்டுட்டுப் போ. இது போனா பள்ளிக்கூடம் போயிரும். அந்த ராய்ச்சூர்ப் பசங்க, நேபாளத்துக் குட்டி, எல்லாம் அந்த ரோட்டைத் தாண்டணும். தாண்டாது, நின்னுரும், சித்தாள் வேலைக்குப் போயிரும். உனக்கே தெரியும்.”

“எனக்கும் டார்கெட் இருக்கும்மா.”

“பெத்தவகிட்டயே நோட்டுப் பார்த்து எடுத்துட்டுப் போய், இப்ப டார்கெட்டுங்கற. இதுக்குப் பேர் துரோகம்.”

அதற்குத்தான் அவள் அப்படிச் சொன்னாள். எண்ணிக்கைக்குத்தானே என்னை அங்க சேர்த்த என்று. சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. செல்வி தன் வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நீ கண் முன்னால் இருந்தாய், உன்னை எண்ணினபோது நான் எண்ணிக்கையாக எண்ணவில்லை என்று சொல்லியிருப்பேன். டிரைவர் ஹாரன் அடித்தார், நான் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

காவ்யா குனிந்து தனுஜாவின் சாக்ஸை இழுத்துவிட்டாள். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. காவ்யா ஜன்னல் வழியாக என் பக்கம் விரலைக் காட்டி, “ஆன்ட்டிக்கு பை சொல்லு” என்றாள். பிள்ளை சொல்லவில்லை. அதன் மணிக்கட்டைப் பிடித்து அவளே ஆட்டினாள்.